சூடாக்க வேண்டியது காற்றையா, ஆளையா?

வியாபாரத்தில் நஷ்டம் இரண்டு வகைப்படும். பழுதான சரக்கு, திரும்பி வந்த காசோலை, கடன் வாங்கிவிட்டு ஊரை மாற்றிக்கொண்ட வாடிக்கையாளர் ஆகியன கண்ணுக்குத் தெரிந்த நஷ்டங்கள். அவற்றை நாம் கணக்கில் எழுதுகிறோம். இரவில் நினைத்து வருந்துகிறோம். அடுத்த முறை கவனமாக இருக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத நஷ்டமோ மாதாமாதம் பில் என்ற பெயரில் வருகிறது. அது செலவு என்று நினைத்து நாமும் கட்டிவிடுகிறோம். அதில் எவ்வளவு தேவைக்குப் போனது, எவ்வளவு கூரைக்குப் போனது என்று கேட்பதில்லை.

இந்த வாரம் நான் எழுதப்போவது குளிர் நாடுகளில் பெரிய தொழிற்சாலைகளையும் களஞ்சியசாலைகளையும் எப்படிச் சூடாக்குகிறார்கள் என்பதைப் பற்றி. வியர்வையில் நனையும் நமக்கு இது எதற்கு என்று சில வாசகர்கள் நினைக்கலாம். நமது பிள்ளைகளும் உறவினர்களும் இன்று இங்கிலாந்திலும் ஜேர்மனியிலும் கனடாவிலும் களஞ்சியம் வைத்துத் தொழில் செய்கிறார்கள். அதில் நம்மவர் பலரின் முதலும் இருக்கிறது. என்னுடையதும் இருக்கிறது. அதனால்தான் இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துப் படிக்க நேர்ந்தது.

தொலைபேசியில் வந்த கணக்கு

எனது ராத்தாவின் மகன் இங்கிலாந்தின் மத்திய பகுதியில் ஒரு நகரத்தில் மொத்த வியாபாரம் செய்கிறார். கொள்கலனில் வரும் சரக்கைப் பிரித்து, சிறு பொதிகளாகக் கட்டி, கடைகளுக்கு அனுப்புவதே தொழில். களஞ்சியம் 40 மீற்றர் நீளம், 25 மீற்றர் அகலம், 8 மீற்றர் உயரம். அதில் மூன்றில் ஒரு பங்கு எனது முதல்.

2022 டிசம்பரில் ஓர் இரவு அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

“மாமா, பொதி கட்டுற ஆக்கள் நிக்கிறாங்க இல்ல. குளிர் தாங்க ஏலாதாம். ரெண்டு பேர் போன கிழமை போயிட்டாங்க. கேஸ் பில்லும் தல சுத்துது. இன்னொரு சூட்டுக்காத்து மெசின் போடப் போறன். உங்கட பங்குக்கு காசு அனுப்புங்க.”

பில்லும் ஏறுகிறது, ஆட்களும் குளிரில் நடுங்குகிறார்கள் என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஓட்டையான வாளிக்கு இன்னொரு குழாய் பூட்டுவதா? “காசு அனுப்பமாட்டேன், நானே வருகிறேன்” என்று சொன்னேன். மருமகனுக்குக் கோபம்தான். ஆனாலும் 2023 ஜனவரியில் போய்ச் சேர்ந்தேன்.

அந்தக் காலத்தின் நிலைமையையும் இங்கே சொல்ல வேண்டும். ரஷ்யா - உக்ரைன் போருக்குப் பின் ஐரோப்பாவில் எரிவாயு விலை எங்கேயோ போய்விட்டது. அதற்கு முந்திய பத்தாண்டில் ஒரு மெகாவாற்று மணிக்கு 20 யூரோ அளவில் நின்ற மொத்த விலை, 2022 ஆகஸ்டில் 300 யூரோவைத் தாண்டியது. 2022 ஒக்டோபர் முதல் 2023 மார்ச் வரை பிரித்தானிய அரசாங்கம் வர்த்தகர்களின் பில்லில் ஒரு பகுதியைத் தாங்கியது. அப்படியிருந்தும் பலரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

குளிர் என்று சொல்லி ஆட்களைச் சும்மா விட்டுவிடவும் முடியாது. அந்நாட்டில் 1992ஆம் ஆண்டின் வேலைத்தல ஒழுங்குவிதிகளுக்கான வழிகாட்டலின்படி, உள்ளே வேலைசெய்யும் இடத்தின் வெப்பநிலை சாதாரணமாக 16 பாகை செல்சியஸாவது இருக்க வேண்டும். உடலை வருத்திச் செய்யும் கடின வேலையானால் 13 பாகை.

ஏணியில் ஏறிப் பார்த்தேன்

களஞ்சியத்துக்குள் போனதும் காதுக்குத் தெரிந்தது பெரிய இரைச்சல். மூலையில் அலமாரி போல ஓர் இயந்திரம். எரிவாயுவை எரித்து, காற்றைச் சூடாக்கி, விசிறியால் உள்ளே ஊதுகிறது. பொதி கட்டும் மேசையில் நின்றவர்கள் தொப்பி, கையுறை, தடித்த ஜக்கெட்டுடன் நின்றார்கள். விரல் விறைத்தால் ஒட்டுநாடாவைக் கூடச் சரியாக வெட்ட முடியாது. பிழையான பொதி, திரும்பி வரும் சரக்கு எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

பழைய சோனகத் தெருவில் முப்பது வருடம் இரும்புக்கடை நடத்திய எனக்கு ஏணி புதிதல்ல. இறாக்கையின் உச்சிவரை ஏறினேன். பாதி வழியில் ஜக்கெட்டைக் கழற்றினேன். உச்சியில் எனக்கு வியர்த்தது! வெப்பமானியை வைத்துப் பார்த்தோம். கீழே, மேசையருகில் 11 பாகை. மேலே, கூரைக்கு அருகில் 21 பாகை.

சூடான காற்று இலேசானது, மேலே போகும். இது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் நாம் காசு கொடுத்து வாங்கிய சூடு ஆளில்லாத கூரையடியில் தங்கி, மெல்லிய கூரை வழியாக வானத்துக்குப் போகிறது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். இரண்டாவது இயந்திரம் வாங்கியிருந்தால் கூரையடி இன்னும் சூடாகியிருக்கும், அவ்வளவுதான்.

அன்றே ஒரு லொறி வந்தது. பெரிய உருளைக் கதவு திறந்தது. இருபது நிமிடம் சரக்கு இறக்கினார்கள். கதவு மூடியபோது உள்ளே இருந்த சூடெல்லாம் வெளியே போய்விட்டது. இயந்திரம் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து ஓடத் தொடங்கியது.

ஒரு சிறு கணக்கு

இரவு மருமகனின் வீட்டில் கடதாசியும் பேனையும் எடுத்து உட்கார்ந்தோம். வாசகர்களும் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

களஞ்சியத்தின் கனவளவு 40 x 25 x 8 = 8000 கன மீற்றர். ஒரு கன மீற்றர் காற்றை ஒரு பாகை சூடாக்க ஏறத்தாழ 0.33 வாற்று மணி சக்தி வேண்டும். அப்படியானால் அவ்வளவு காற்றையும் 15 பாகை உயர்த்த ஏறத்தாழ 40 கிலோவாற்று மணி தேவை. நமது மின்சார பில்லில் யுனிட் என்று சொல்கிறோமே, அந்தக் கணக்கில் 40 யுனிட். ஒரு தடவை சூடாக்க இது பெரிய தொகையல்ல. ஆனால் கதவு திறப்பதாலும் இடுக்குகளாலும் ஒரு மணித்தியாலத்தில் உள்ளிருக்கும் காற்று மூன்று தடவை மாறினால் 120 யுனிட். எட்டு மணி நேர வேலைநாளில் 960 யுனிட். இவ்வளவும் காற்றுக்கு மட்டும். சுவராலும் கூரையாலும் இழப்பது வேறு.

இப்போது தரையைப் பாருங்கள். 1000 சதுர மீற்றர் கொங்கிறீட் தரை. கனம் 15 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தரையை ஒரே ஒரு பாகை சூடாக்கினால் அதற்குள் 80 யுனிட்டுக்கு மேல் தங்கும். அதாவது, முழுக் காற்றையும் 15 பாகை உயர்த்தப் போதுமானதைப்போல் இரண்டு மடங்கு சூடு, தரையின் ஒரு பாகையில் இருக்கிறது. காற்று கதவால் ஓடும், தரை ஓடாது. கதவை மூடியதும் தரையில் இருக்கும் சூடு மறுபடி மெல்ல மெல்ல மேலே வரும்.

அப்படியானால் காற்றைச் சூடாக்காமல் தரையையும் மேசையையும் ஆளையும் நேரே சூடாக்க முடியுமா? முடியும். அதற்குத்தான் கதிர்வீச்சு வெப்பமாக்கல் என்று பெயர்.

வெயிலின் வழி

சூடு மூன்று வழிகளில் பயணிக்கும். கரண்டியின் ஒரு முனை அடுப்பில் இருந்தால் மறுமுனை சுடுவது கடத்தல். சுடுநீர் மேலெழுந்து சுழல்வது மேற்காவுகை. வெயிலில் நின்றால் முகம் சுடுவது கதிர்வீச்சு. முதல் இரண்டுக்கும் இடையில் ஒரு பொருள் வேண்டும். மூன்றாவதற்கு எதுவும் வேண்டியதில்லை. சூரியனுக்கும் நமக்கும் இடையில் வெற்றிடம்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் சூடு வந்து சேர்கிறது.

யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வில்லியம் ஹேர்ஷல் என்பவர் 1800ஆம் ஆண்டில் சூரிய ஒளியை அரியத்தால் நிறம் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானி இன்னும் உயர்ந்தது. இன்று அகச்சிவப்புக் கதிர் என்று சொல்லப்படுவது அதுவே. பின்னர் 1859இல் லண்டனில் ஆராயத் தொடங்கிய ஜோன் ரின்டல், காற்றின் பெரும்பகுதியான நைதரசனும் ஒட்சிசனும் இந்தக் கதிரை ஏறத்தாழ உறிஞ்சுவதே இல்லை என்று காட்டினார். இந்த ஒரு விடயத்தில்தான் நமது பாடம் முழுவதும் தங்கியிருக்கிறது. கதிர் காற்றைக் கடந்து போய், தரையிலும் மேசையிலும் ஆளிலும் பட்ட பின்னரே சூடாக மாறுகிறது.

நமது உடம்பும் காற்றின் வெப்பநிலையை மட்டும் உணர்வதில்லை. சுற்றியுள்ள சுவர், தரை, கூரை ஆகியவற்றின் வெப்பநிலையையும் உணர்கிறது. காற்றோட்டம் குறைந்த இடத்தில் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஆள் உணரும் வெப்பநிலை ஏறத்தாழக் கிடைக்கும். காற்று 14 பாகை, சுற்றியுள்ள பரப்புகளின் சராசரி 22 பாகை என்றால் ஆளுக்கு 18 பாகை போலிருக்கும். காற்று 20 பாகையாக இருந்தும் சுவரும் தரையும் 10 பாகையில் கிடந்தால் 15 பாகை போலத்தான் இருக்கும். காற்றைக் குறைவாகச் சூடாக்கி ஆளைச் சுகமாக வைக்கலாம் என்பதே இதன் பொருள். வெளியே ஓடும் காற்று 20 பாகையில் ஓடுவதைவிட 14 பாகையில் ஓடினால் நஷ்டம் குறைவு. சேமிப்பு வருவது இங்கிருந்துதான்.

நான்கு வகைகள்

பெரிய கட்டடங்களுக்கு இன்று பாவனையிலுள்ள முறைகளை நான்காகப் பிரிக்கலாம்.

1. ஒளிரும் வகை: எரிவாயு பீங்கான் தட்டொன்றின் மேல் எரியும். தட்டு 800 முதல் 950 பாகை வரை சூடேறிச் செக்கச்செவேலென்று ஒளிரும். ஜேர்மனியரான குந்தர் ஷ்வாங்க் 1930களில் இவ்வகையை உருவாக்கினார். உயர்ந்த கூரைக்கும் ஒரு குறிப்பிட்ட இடத்தை மட்டும் சூடாக்குவதற்கும் ஏற்றது.

2. குழாய் வகை: தலைக்கு மேலே தொங்கும் நீண்ட உலோகக் குழாய். ஒரு முனையில் சுவாலை; மறுமுனையில் விசிறி புகையை இழுத்து வெளியேற்றும். குழாய் 200 முதல் 500 பாகைவரை சூடேறும், வெளிச்சம் தராது. மேலே பளபளப்பான உலோகத் தகடு கவிழ்ந்திருக்கும். மேல்நோக்கிப் போகும் கதிரை அது கீழே திருப்பும்.

3. சுடுநீர்ப் பலகை: கூரையடியில் நீளமாகத் தொங்கும் உலோகப் பலகைகளினூடாகச் சுடுநீர் ஓடும். உள்ளே சுவாலை இல்லை.

4. தரைக்குழாய்: கொங்கிறீட் தரைக்குள்ளேயே சுடுநீர்க் குழாய்களைப் பதிப்பது. புதிதாகக் கட்டும்போதுதான் இலகு.

இவற்றுக்கிடையில் உள்ள வித்தியாசம் பெரிது. ஒரு பரப்பு வீசும் கதிர் அதன் வெப்பநிலையின் நான்காம் அடுக்காக உயரும். நன்றாகக் கதிர் வீசும் கறுப்புப் பரப்பொன்று 47 பாகையில் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 0.6 கிலோவாற்று வீசும். 427 பாகையில் 13.6 கிலோவாற்று. 827 பாகையில் 83 கிலோவாற்று. ஆகவே ஒளிரும் வகை சின்னதாக இருந்தே வேலையை முடிக்கும். சுடுநீர்ப் பலகைக்கு அதைவிட மிக அதிகப் பரப்பு வேண்டியிருக்கும். எது சிறந்தது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. கூரை எவ்வளவு உயரம், ஆள் எங்கே நிற்கிறார், கதவு எத்தனை தடவை திறக்கிறது என்பதைப் பொறுத்தது.

நாங்கள் செய்தது, நாங்கள் பிழைத்தது

ஒரு வெப்பப் பொறியியலாளரை அழைத்தோம். அவர் எதையும் விற்கவில்லை. ஆலோசனைக்கு மட்டும் காசு எடுத்தார். அதனால்தான் அவர் சொன்னதை நான் நம்பினேன். அவர் முதலில் வெப்பமாக்கியைப் பற்றியே பேசவில்லை. “கதவின் அடியில் கை நுழையும் இடைவெளி இருக்கிறது. கூரையில் வெப்பக் காப்பு கிழிந்து கிடக்கிறது. முதலில் அதைச் செய்யுங்கள்” என்றார். கதவுக்கு விளிம்பு ரப்பரும், லொறி நிற்கும் இடத்தில் பிளாஸ்ரிக் பட்டித் திரையும் போட்டோம். கூரையின் காப்பைத் திருத்தினோம்.

பிறகு அவர் இடத்தைப் பிரித்தார். களஞ்சியத்தின் முக்கால்வாசி இறாக்கை; அங்கே ஆள் வந்து சரக்கெடுத்துப் போவாரே தவிர நிற்பதில்லை. ஆள் நாள் முழுவதும் நிற்பது பொதிகட்டும் மேசைகளில் மட்டும். “சரக்குக்குக் குளிராது. மேசைக்கு மேலே குழாய் வகை போடுங்கள். இறாக்கைப் பக்கத்துக்குப் பழைய இயந்திரத்தைக் குறைத்து வைத்தால் போதும்” என்றார். நான் கேட்டவற்றில் மிக நல்ல வியாபார வார்த்தை இதுதான். 1000 சதுர மீற்றருக்குச் செலவழிக்கப் போனவர்கள் 250 சதுர மீற்றருக்குச் செலவழித்தோம்.

2023 ஒக்டோபரில் பூட்டி முடிந்தது. ஆட்கள் ஜக்கெட்டைக் கழற்றினார்கள். ஆனால் நவம்பர் பில்லைப் பார்த்த மருமகன் மறுபடி அழைத்தார்.

“மாமா, ஆக்கள் இப்ப சூடு கூடச் சொல்றாங்க. பில் குறஞ்ச பாடு இல்ல. காசு வீணாப் போச்சு.”

எனக்கும் இரவு நித்திரை வரவில்லை. முதலைப் போடச் சொன்னவன் நான் அல்லவா? பொறியியலாளர் வந்து பார்த்தார். ஐந்து நிமிடத்தில் பிழை பிடிபட்டது. பூட்டியவர்கள் பழைய காற்று வெப்பநிலைக் கருவியிலேயே புதிய குழாய்களையும் இணைத்துவிட்டிருந்தார்கள். அந்தக் கருவி தூரத்தில், வெளிச்சுவரில், கதிர் படாத இடத்தில். அது காற்றை மட்டும் அளந்து, இன்னும் 18 பாகை வரவில்லை என்று குழாய்களை ஓடவிட்டுக்கொண்டே இருந்தது. ஆளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது, கருவிக்குத் தெரியவில்லை.

இதற்குச் சரியான கருவி கறுப்புக் கோள உணரி. 1930களில் வேர்னன் என்ற ஆங்கிலேய ஆராய்ச்சியாளர் அறிமுகப்படுத்திய கறுப்புக் கோள வெப்பமானியே இதன் மூலம். கறுப்பு நிறக் கோளத்துக்குள் உணரி இருக்கும். காற்றின் சூடும் கதிரின் சூடும் சேர்ந்து அதில் படும். ஏறத்தாழ ஆள் உணர்வதை அதுவும் உணரும். மேசைக்கு அருகில், கதிர் படும் இடத்தில், ஆளின் உயரத்தில் அதைப் பூட்டினோம். முழுத் திட்டத்திலும் மிகக் குறைந்த விலையுள்ள பொருள் அது. அது இல்லாமல் மற்றதெல்லாம் வீணாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

கணக்கு முடிக்கும்போது பவுணில் பார்க்காமல் யுனிட்டில் பார்த்தோம். விலை ஏறி இறங்கியதால் பவுண் கணக்கு உண்மையைச் சொல்லாது. 2024 ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மாதங்களில் எரித்த வாயு, முந்திய வருடத்தின் அதே மாதங்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதில் கதவு ரப்பருக்கும் கூரைக் காப்புக்கும் உள்ள பங்கை நான் மறைக்கமாட்டேன். அதைவிடப் பெரிய இலாபம், அந்தக் குளிர்காலத்தில் ஒருவரும் வேலையை விட்டுப் போகவில்லை.

எச்சரிக்கைகள்

வெளிநாட்டில் தொழில் செய்யும் நம்மவர்கள் இதைப் படித்துவிட்டு உடனே வாங்கப் போய்விடக் கூடாது. பின்வருவனவற்றைக் கவனிக்கவும்.

முதலாவது, கதிர் நேர்கோட்டில் போகும். உயர்ந்த இறாக்கையின் மறைவில் நிற்பவருக்கு நிழல்தான் கிடைக்கும். கூரைவரை அடுக்கிய களஞ்சியத்தில், மேலே தங்கும் சூட்டைக் கீழே தள்ளும் பெரிய விசிறி குறைந்த செலவில் நல்ல பயன் தரலாம்.

இரண்டாவது, தீ. சரக்குக்கும் வெப்பமாக்கிக்கும் இடையில் உற்பத்தியாளர் சொல்லும் தூரத்தை விட வேண்டும். அட்டைப்பெட்டியைக் குழாய்க்கு அருகில் அடுக்குவது பெரும் ஆபத்து. தீப்பற்றும் ஆவியோ மரத்தூளோ பறக்கும் இடங்களில், உதாரணமாக நிறம் தெளிக்கும் அறைகளில், சுவாலை உள்ள வகைகளை நினைத்தும் பார்க்கக் கூடாது.

மூன்றாவது, புகை. ஒளிரும் வகையில் பெரும்பாலும் புகைபோக்கி இல்லை. எரிந்த வாயு உள்ளேயே வரும். போதிய காற்றோட்டம் இல்லாவிட்டால் நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு ஆளையே கொல்லும். ஒரு கன மீற்றர் இயற்கை வாயு எரிந்தால் ஒன்றரை லீற்றருக்கும் அதிகமான நீர் ஆவியாக வெளிவரும். அது குளிர்ந்த கூரையில் ஒடுங்கிச் சரக்கின் மேல் சொட்டும். பிரித்தானியாவில் எரிவாயு வேலை செய்பவர் அதற்கான பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். பதிவு அட்டையைக் கேட்டுப் பார்ப்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

நான்காவது, தலைச்சூடு. குழாயைத் தாழ்வாகத் தொங்கவிட்டால் தலை காயும், கால் குளிரும். இது தலைவலியைத் தரும்.

ஐந்தாவது, விற்பனையாளர் சொல்லும் சேமிப்பு. “பாதி மிச்சம்” என்று பிரசுரங்களில் போட்டிருப்பார்கள். கூரை உயர்ந்து, கதவு அடிக்கடி திறந்து, காப்புக் குறைந்த கட்டடத்தில் பெரிய மிச்சம் வரலாம். தாழ்ந்த கூரையும் நல்ல காப்பும் உள்ள கட்டடத்தில் வித்தியாசம் சொற்பமே. குழாய் வகையிலும் சூட்டின் ஒரு பகுதி காற்றுக்கே போகிறது என்பதை மறந்துவிடலாகாது.

ஆறாவது, எதிர்காலம். ஐரோப்பிய நாடுகள் எரிவாயுவிலிருந்து மெல்ல விலகப் பார்க்கின்றன. புதிதாகக் கட்டுபவர்கள் தரைக்குழாய் அல்லது சுடுநீர்ப் பலகையையும் கேட்டு விலை பார்க்க வேண்டும். இளஞ்சூடான நீரே அவற்றுக்குப் போதுமாதலால், மின்சாரத்தில் இயங்கும் வெப்பப் பம்பியை இணைக்கலாம். நாளைக்கு எரிபொருளை மாற்றினாலும் பலகையை மாற்ற வேண்டியதில்லை.

நமது தலைக்கு மேலே

ஊர் திரும்பிய பின் ஒரு நாள் மதியம் எனது சொந்தக் களஞ்சியத்தின் மேல்தட்டில் நின்றேன். விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. ஆனாலும் மண்டை காய்கிறது. மேலே பார்த்தேன். துருப்பிடித்த தகரக் கூரை. அப்போதுதான் உறைத்தது. இங்கிலாந்தில் காசு கொடுத்துத் தொங்கவிடும் சூட்டுப் பலகையை நாம் இலவசமாகத் தலைக்கு மேல் விரித்து வைத்திருக்கிறோம்!

கணக்கும் அதையேதான் சொல்கிறது. மதிய வெயிலில் தகரம் 60 பாகை வரை ஏறினால், 35 பாகையில் இருக்கும் ஒரு கூரையைவிடச் சதுர மீற்றருக்கு 180 வாற்றுக்கும் அதிகமாகக் கதிரைக் கீழே வீசும். அங்கே 47 பாகைப் பலகை 20 பாகைத் தரைக்குக் கொடுப்பதும் ஏறத்தாழ இவ்வளவுதான். விசிறி காற்றை மட்டும்தான் அசைக்கும், கதிரைத் தடுக்காது. காற்றைக் குளிராக்கும் இயந்திரம் போட்டாலும் கூரை சுட்டுக்கொண்டே இருக்கும். மின்சார பில்லும் ஏறிக்கொண்டே இருக்கும்.

அங்கே குழாயின் மேல் கவிழ்ந்திருந்த பளபளப்பான தகட்டை நினைத்தேன். பளபளப்பான அலுமினியம் தன்மேல் படும் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். தானும் மிகக் குறைவாகவே வீசும். தகரத்துக்குக் கீழே சிறிது இடைவெளி விட்டு அலுமினியத் தாள் ஒட்டிய காப்பு விரித்தேன். கூரையின் மேற்பக்கம் வெள்ளை பூசினேன். இப்போது மேல்தட்டில் பையன்கள் மதியத்திலும் சரக்கு அடுக்குகிறார்கள். முன்பு பதினொரு மணியோடு கீழே இறங்கிவிடுவார்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

சூடாக்கவோ குளிராக்கவோ எந்த இயந்திரம் வாங்கப் போனாலும், விலையைக் கேட்கும் முன் நான்கு கேள்விகளை உங்களிடமே கேட்டுப் பாருங்கள். ஆள் எங்கே நிற்கிறார்? எத்தனை மணி நேரம் நிற்கிறார்? நான் வாங்கும் சூடு அல்லது குளிர் எந்த வழியால் வெளியே போகிறது? அதை அளக்கும் கருவி ஆள் இருக்கும் இடத்தில்தான் இருக்கிறதா?

இந்த நான்குக்கும் பதில் தெரியாமல் இயந்திரத்தின் விலையைப் பேரம் பேசுவதில் பயனில்லை. மருமகன் இப்போது இன்னொரு களஞ்சியம் பார்க்கிறார். போன கிழமை பேசும்போது வாடகையைச் சொல்வதற்கு முன்னரே, “மாமா, கூரையில ஏறிப் பாத்தேன்” என்றார். அந்தப் பயணத்துக்குச் செலவான விமான டிக்கட்டின் காசு அன்றே எனக்குத் திரும்பி வந்துவிட்டது.